கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு கடலூர் வரை வந்தது எப்படி? அறிவியல் நாள் கண்காட்சிக்கு யோசனை வேண்டும்

மஞ்சக்குப்பம் வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் நடத்தி வருகிறோம். ஆண்டுதோறும் பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று, பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு கண்காட்சி வைப்பது வழக்கம். சென்ற ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களின் படங்களை வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் பத்து வரி எழுதி வைத்தோம். வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தச் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பலூன் ராக்கெட் இருந்த மேசைக்கு ஓடிவிட்டார்கள். குறை பிள்ளைகளிடம் இல்லை.

இந்த ஆண்டு ஒரே ஒரு பல்கலைக்கழகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1868-இல் அந்த மாநில அரசு தொடங்கியது. இன்று பெர்க்லி, டேவிஸ், லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ என 10 வளாகங்களாக விரிந்திருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்றாலே பணக்காரர்களின் தனியார் நிறுவனம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு, மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் உழவு முதல் மொழியியல் வரை என்னென்ன செய்திருக்கிறது என்று காட்ட வேண்டும் என்பது நோக்கம்.

எங்களுக்கு நாங்களே ஒரு நிபந்தனை விதித்துக்கொண்டோம். அந்த ஆய்வு நம் கடலூர், புதுச்சேரி மக்களின் வாழ்க்கையை எங்கேயாவது தொட்டிருக்க வேண்டும். அதற்குச் சான்றாக, கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளை மேசைமேல் வைக்க முடிய வேண்டும். இந்த நிபந்தனையால் எனக்குப் பிடித்த ஒன்று இப்போதே அடிபட்டுப் போகிறது. சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தின் சார்லஸ் கீலிங், ஹவாயின் மௌனா லோவா மலைமேல் 1958 மார்ச்சில் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அன்று பத்து லட்சத்தில் சுமார் 313 பங்கு இருந்தது இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. 1964-இல் பணம் இல்லாமல் சில மாதங்கள் விட்டுப்போனதைத் தவிர, அந்தக் கோடு இன்றுவரை ஏறிக்கொண்டே இருக்கிறது. அதை எந்தப் பொருளாக்கி மேசையில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் கேள்வி இரண்டு. எந்தெந்த ஆய்வுகளை வைக்கலாம்? ஓர் ஆய்வு செல்வாக்குப் பெற்றது என்று சொல்ல, அதைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணிக்கை போதுமா?

வீராணத்து உழவன்:

ஐயா, முதல் மேசையில் நெல்லை வையுங்கள். நான் வேளாண்மை படித்துவிட்டு, காட்டுமன்னார்கோயில் பக்கம் குடும்ப நிலத்தில் சம்பா வைத்துக்கொண்டிருப்பவன். நம்முடையது கடைமடைப் பகுதி. அணையில் திறக்கும் தண்ணீர் கடைசியாக வந்து சேருவதும், ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழை முதலில் வந்து தேங்குவதும் நம் வயலில்தான். நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பயிர் அந்த நேரத்தில் முழுகிவிட்டால், நாள் எண்ணிக்கொண்டு வரப்பில் நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

முழுகிய நெற்பயிர் ஏன் சாகிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். காற்றில்லாமல் மூச்சு முட்டுவது ஒரு பாதிதான். தண்ணீருக்குள் எத்திலீன் என்னும் வாயு வெளியேற வழியில்லாமல் பயிருக்குள்ளேயே தேங்கும். அது தேங்கத் தேங்க, எப்படியாவது மேலே தலை நீட்டிவிட வேண்டும் என்று பயிர் தன் இலைகளை அவசரமாக நீட்டும். சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தையெல்லாம் அந்த ஓட்டத்தில் செலவழித்துவிடுவதால், தண்ணீர் வடியும் நாளில் நிமிர்ந்து நிற்கத் திராணியில்லாமல் சாய்ந்து, சேற்றோடு ஒட்டி, இரண்டு மூன்று நாளில் அழுகிப்போகும். வெள்ளம் இறங்கிய பிறகுதான் வயல் நாறத் தொடங்கும் என்பது இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து தெரிவு செய்யப்பட்ட எஃப்.ஆர். 13ஏ என்ற ரகம் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். முழுகியவுடன் வளர்ச்சியை நிறுத்தி, கையிருப்பைச் செலவழிக்காமல், இரண்டு வாரம் வரை அடங்கிக் கிடக்கும்; தண்ணீர் வடிந்ததும் தூரிலிருந்து புது இலை விடும். இந்தக் குணம் பல ஆண்டுகளாகத் தெரிந்ததுதான். ஆனால் விளைச்சல் குறைவு, சோறும் ருசிப்படாது என்பதால், அதை நல்ல ரகத்தோடு ஒட்டினால் வேண்டாத குணங்களும் சேர்ந்தே வந்தன. டேவிஸ் வளாகத்தில் டேவிட் மக்கிலும் அவருடைய மாணவர் கெனோங் சூவும், இந்தக் குணம் நெல்லின் 9-ஆம் குரோமோசோமில் குறிப்பிட்ட ஓரிடத்தில் இருக்கிறது என்று 1996-இல் காட்டினார்கள். பிறகு மக்கில் பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றுவிட்டார். டேவிஸைச் சேர்ந்த பமேலா ரொனால்டு, ரிவர்சைடு வளாகத்தின் ஜூலியா பெய்லி-செர்ரஸ் ஆகியோரும் கைகோத்த ஆய்வின் பயனாக, சப்-1ஏ என்ற அந்த மரபணு எது என்பது 2006-இல் நேச்சர் இதழில் வெளியாயிற்று.

மரபணு இன்னது என்று தெரிந்த பிறகு, ஒட்டுக் கட்டிய ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் இலைத் துணுக்கைச் சோதித்து, அது வந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே பொறுக்க முடிந்தது. இது மரபணு மாற்றுப் பயிர் அன்று. நெல்லோடு நெல்லை ஒட்டியதுதான். அதைக் கண்காட்சிப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் நாள் முழுவதும் அந்த ஒரு கேள்விக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும். இப்படி வந்த சுவர்ணா சப்-1 இந்தியாவில் 2009-இல் வெளியிடப்பட்டது. நம் பக்கத்துக்கு அதைவிட முக்கியமானது, பிறகு வந்த சி.ஆர். 1009 சப்-1. நாம் பொன்மணி என்று சொல்கிற, இட்லிக்குப் போடுகிற அதே மோட்டா நெல்தான். கூடவே இந்தக் குணமும் இருக்கிறது.

என் வயலில் கண்டதைச் சொல்கிறேன். ஓராண்டு, பழைய பொன்மணியும் சப்-1-உம் ஒரே வரப்பின் இரு பக்கமும் எட்டு நாள் முழுகிக் கிடந்தன. தண்ணீர் இறங்கிய அன்று இரண்டும் ஒரே மாதிரி வண்டல் அப்பி, செத்ததுபோலத்தான் தெரிந்தன. நான்காம் நாள் சப்-1 பக்கம் குனிந்து சேற்றை விலக்கிப் பார்த்தபோது, தூருக்குள் விரல் நகம் அளவுக்குப் பச்சையாக ஒரு குருத்து தெரிந்தது. அடுத்த பக்கத்தில் தூரைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்தது.

அதே நெல்லை இன்னோர் ஆண்டு, பூக்கும் பருவத்தில் வந்த வெள்ளம் கொண்டுபோயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தக் குணம் பயிர் இளசாக இருக்கும்போதுதான் உதவும். முழங்கால் தண்ணீர் ஒரு மாதம் வடியாமல் நின்றாலோ, உப்பேறினாலோ இதனால் பயன் இல்லை. விதை வந்துவிட்டது என்பதற்காக வடிகாலைத் தூர்வாராமல் விட முடியாது.

முத்தியால்பேட்டை ஆசிரியை:

வணக்கம். அறிவியல் நாள் என்பதால் மொழியை ஒதுக்கிவிடாதீர்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தமிழுக்குச் செய்ததைப்போல வேறு வெளிநாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்கள் செய்திருப்பவை சிலவே என்பது புதுச்சேரியில் 22 ஆண்டுகள் தமிழ் கற்பித்த என் கருத்து.

மர்ரே எமெனோ கனடாவில் பிறந்தவர். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரியில் தோடர், கோத்தர் பேசும் மொழிகளையும், பிறகு குடகு மொழியையும் கோலாமியையும், பேசுபவர்களின் வாயிலிருந்தே கேட்டு எழுதியவர். பெரும்பாலும் எழுத்து வழக்கே இல்லாத அந்த மொழிகளின் ஒலிகளைத் தாளில் பிடித்து வைத்த அவருடைய குறிப்பேடுகளை நம்பித்தான் பின்னால் எல்லாம் கட்டப்பட்டது. 1940-இல் பெர்க்லியில் சேர்ந்தார். அங்கே மொழியியல் துறை 1953-இல் தொடங்கப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆக்ஸ்போர்டின் தாமஸ் பர்ரோவுடன் சேர்ந்து அவர் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி 1961-இல் வெளிவந்தது. 1984-இல் வந்த திருத்திய பதிப்பில் 5,569 பதிவுகள் உள்ளன.

ஒரு பதிவைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், போதும். 'கண்' என்ற சொல்லைத் திறந்தால், கன்னடத்தில் கண், தெலுங்கில் கன்னு, தோடர் வாயில் கொண், கோண்டியில் கன் என்று வடக்கே ஏறிக்கொண்டே போய், கடைசியில் பாகிஸ்தானின் பலுசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகுயியில், தொண்டைக்குள் உரசும் ககரத்தோடு ஒரு 'கன்' நிற்கும். மேசைமேல் ஒரு வரைபடத்தை விரித்து, கடலூரில் ஓர் ஊசியைக் குத்தி, அங்கிருந்து ஒவ்வோர் ஊருக்கும் நூல் கட்டச் சொல்லுங்கள். நான் இதை எட்டாம் வகுப்பில் 'மீன்' என்ற சொல்லை வைத்துச் செய்திருக்கிறேன். நூல் கட்டி முடிக்கும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லை.

எமெனோ 1956-இல் எழுதிய ஒரு கட்டுரை இதைவிடப் பெரிய செல்வாக்குப் பெற்றது. வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த மொழிகள் நெடுங்காலம் ஒரே நிலத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தால், சொற்களை மட்டுமல்லாமல் ஒலிப்பையும் வாக்கிய அமைப்பையும்கூட ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொள்ளும் என்பதை இந்தியாவை வைத்து நிறுவினார். ட, ண, ள போன்ற நாவளை ஒலிகள் வடமொழியில் அத்தனை பரவியிருப்பதற்கு நம் மொழிகளின் அண்மையும் காரணம் என்ற விவாதம் இங்கிருந்து வலுப்பெற்றது. எதிரொலிச் சொற்களையும் அவர் ஆராய்ந்தார். நாம் 'புலி கிலி' என்கிறோம். இந்திக்காரர் 'சாய் வாய்' என்கிறார். குடும்பம் வேறு, பழக்கம் ஒன்று. கடைத்தெருவில் தினமும் காதில் விழுகிற இதை ஒரு ஆய்வுப் பொருளாகப் பார்க்க ஒருவருக்குத் தோன்றியது என்பதே எனக்கு வியப்பு.

அதே பெர்க்லியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் ஹார்ட், தமிழ் ஏன் செம்மொழி என்பதை விளக்கி 2000-இல் எழுதிய கடிதம் பலருக்கும் தெரிந்ததுதான். 2004-இல் நடுவண் அரசு அறிவித்தது.

கடல்நாடன்:

அம்மா எழுதியதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அகராதியில் தமிழ்ச் சொல் உள்ள பதிவுகளிலெல்லாம் அதுதான் முதலில் வருகிறது. ஆகவே, எல்லாத் திராவிட மொழிகளும் தமிழிலிருந்தே பிறந்தவை என்பதைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது என்று பலகையில் எழுதலாம்.

முத்தியால்பேட்டை ஆசிரியை:

தம்பி, அப்படி எழுதக் கூடாது. தமிழ் முதலில் வருவது அகராதியின் வரிசை முறை. மிகப் பழைய இலக்கியச் சான்றும் நிறைந்த சொல்வளமும் தமிழில் கிடைப்பதால் அதை முன்னால் வைத்தார்கள். தமிழ், தெலுங்கு, பிராகுயி எல்லாமே, எழுத்தில் பதியாத ஒரு பழைய மூல மொழியிலிருந்து பிரிந்தவை என்பதுதான் எமெனோ, பர்ரோ இருவரின் நிலைப்பாடு. அக்காள் தங்கைகளில் மூத்தவள் என்று சொல்வதற்கும் தாய் என்று சொல்வதற்கும் வேறுபாடு இருக்கிறது. தமிழுக்கு உள்ள பெருமை போதுமான அளவுக்கு உண்மையானது. இல்லாத சான்றைத் தேட வேண்டியதில்லை.

நெல்லித்தோப்பு குளிர்சாதனக்காரர்:

எனக்கு நெல்லும் தெரியாது, மொழியியலும் தெரியாது. புதுச்சேரியில் 1980-களின் இறுதியிலிருந்து குளிர்சாதனப் பெட்டி பழுது பார்த்து, பிறகு தொழிற்பயிற்சி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். என் தொழிலையே மாற்றிய ஆய்வு ஒன்று இர்வைன் வளாகத்தில் நடந்தது.

அந்தக் காலத்துப் பெட்டிகளில் ஆர்-12 என்ற வாயு இருக்கும். வெள்ளை நிற உருளையில் வரும். மணம் இல்லை, தீப்பிடிக்காது, விஷம் இல்லை, எதனோடும் சேராது. கம்ப்ரசரை மாற்ற வேண்டுமென்றால், குழாயை வெட்டி, உள்ளே இருக்கும் வாயுவைச் சீறவிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். அதைத் தவறென்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எத்தனை பெட்டிகளுக்கு அப்படிச் செய்தேன் என்று கணக்கில்லை.

அப்படிச் சீறிப்போன வாயு எங்கே போகிறது என்பதுதான் ஷெர்வுட் ரோலண்டும் மரியோ மொலினாவும் கேட்ட கேள்வி. ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கிலேயர் இந்த வகை வாயு கடல்மேல் எங்கும் பரவியிருப்பதை ஏற்கெனவே அளந்து காட்டியிருந்தார். எதனோடும் சேராத பொருள் கீழே அழியவும் வழியில்லை. ஆகவே மெல்ல மேலே ஏறி, சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து, குளோரினை விடுவிக்கும். அந்த ஒரு குளோரின் அணு தான் தீராமலேயே ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைக்கும் என்று இருவரும் 1974 ஜூனில் எழுதினார்கள். எந்தக் குணத்துக்காக நாங்கள் அந்த வாயுவை மெச்சினோமோ, அதே குணம்தான் கேட்டுக்குக் காரணம். உற்பத்தி நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. 1985-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். 1987-இல், இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. 1995-இல் இருவருக்கும் பால் குருட்சனோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் பட்டறைக்கு அந்த ஆய்வு வெளிர் நீல உருளையாக வந்து சேர்ந்தது. ஆர்-134ஏ. எண்ணெய் வேறு, அழுத்தம் வேறு, கருவி வேறு. எல்லாவற்றையும் மீண்டும் கற்றோம். 2010 ஜனவரியிலிருந்து பழைய வாயு நாட்டிலேயே நிறுத்தப்பட்டது. புதியது ஓசோனைக் கெடுக்காது, ஆனால் புவியைச் சூடாக்கும் என்பதால், இப்போது வீட்டுப் பெட்டிகளில் ஆர்-600ஏ வருகிறது. அது தீப்பிடிக்கக்கூடியது என்பதால் மாணவர்களுக்கு வேறொரு பாடம். உங்கள் மேசைக்கு, வாயு இல்லாத பழைய வெள்ளை உருளை ஒன்றையும், நீல உருளை ஒன்றையும் நானே கொண்டுவந்து தருகிறேன். வால்வைக் கழற்றித்தான் கொடுப்பேன்.

லாஸ்பேட்டை நிரலாளர்:

சுருக்கமாக ஒன்று. கணினிச் சில்லுக்குக் கட்டளை கொடுக்கும் அடிப்படை மொழி பெரும்பாலும் தனி நிறுவனங்களின் உடைமையாக இருந்தது. உரிமம் வாங்காமல் அந்த மொழிகளில் இயங்கும் சில்லை ஒருவரும் வடிவமைக்க முடியாது. பெர்க்லியில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற வடிவம், யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்து விடப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய சக்தி செயலி அதன்மேல் அமைந்ததுதான். மேசைக்குப் பொருள் வேண்டுமென்றால், இருநூறு முந்நூறு ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கும் ரிஸ்க்-ஃபைவ் சிறு பலகை ஒன்றை வாங்கி, ஒரு விளக்கை மினுக்கவிடலாம். என்னிடம் இரண்டு இருக்கின்றன.

சுண்ணாம்பாற்றுக் கரையிலிருந்து:

இதுவரை வந்தவை எல்லாம் நல்லவை. செல்வாக்கு என்றால் நன்மை மட்டும்தானா என்று நான் கேட்க விரும்புகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போனால் கல்பாக்கத்தைத் தாண்டித்தான் போகிறோம். அங்கே 1985 முதல் இயங்கும் சோதனை ஈனுலை என்னும் அணு உலையின் எரிபொருளில் புளூட்டோனியம் இருக்கிறது. அந்தத் தனிமத்தை வேதியியல் முறையில் முதன்முதலாக அடையாளம் கண்டது பெர்க்லியின் கில்மன் கட்டடத்தில், 307-ஆம் எண் அறையில், 1941 பிப்ரவரி 23-ஆம் நாள் இரவில். கிளென் சீபோர்கும் அவருடைய குழுவினரும் கண்ட அதே பொருள், நான்கு ஆண்டுகள் கழித்து நாகசாகியின்மேல் விழுந்தது. குண்டு செய்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்தை நிர்வகித்ததும் இதே பல்கலைக்கழகம்தான்.

இதே சீபோர்க் 1938-இல் ஜான் லிவிங்குட்டோடு சேர்ந்து அயோடின்-131-ஐயும், எமிலியோ செக்ரேயோடு சேர்ந்து டெக்னீசியம்-99எம் என்பதையும் கண்டறிந்தவர். எர்னஸ்ட் லாரன்ஸ் பெர்க்லியில் அமைத்த, அணுத்துகள்களை வேகப்படுத்தும் சைக்ளோட்ரான் கருவி இல்லாவிட்டால் இவை எதுவும் நடந்திருக்காது. தைராய்டு நோய்க்கு அயோடினும், எலும்பையும் இதயத்தையும் படமெடுக்க டெக்னீசியமும் இன்று ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளின் அணு மருத்துவப் பிரிவுகளில் அன்றாடம் பயன்படுபவை. என் தாயாருக்கு எலும்பு ஸ்கேன் எடுத்தபோது, ஊசி போட்டபின் இரண்டு மூன்று மணி நேரம் நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்கள். ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் பொருள் அது என்று பணியாளர் விளக்கினார். ஒரே ஆய்வகம், ஒரே மனிதர். ஒரு பலகையில் இரண்டையும் வையுங்கள். ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் எழுதினால் அது விளம்பரமாகிவிடும்.

இன்னொன்று. எஃப்.ஆர். 13ஏ நெல்லைக் காத்து வைத்திருந்தவர்கள் ஒடிசா உழவர்கள். எமெனோவுக்குப் பாட்டும் கதையும் சொன்னவர்கள் நீலகிரி மக்கள். "கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கண்டுபிடிப்பு" என்று ஒற்றை வரியில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மஞ்சக்குப்பம் வாசகர்:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை யோசனைகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எண்ணிக்கை பற்றிய கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லாவிட்டாலும், எனக்கு விடை கிடைத்துவிட்டது. ஓர் உயிரியல் கட்டுரையும் ஒரு வேர்ச்சொல் அகராதியும் மேற்கோள் எண்ணிக்கையில் ஒரே தராசில் நிற்கா. மொழியியலில் ஆய்வாளர்களே குறைவு. அகராதியை நாள்தோறும் திறந்து பார்ப்பவர்கள் அதை அடிக்குறிப்பில் எழுதுவதும் இல்லை. குளிர்சாதனக்கார ஐயாவின் நீல உருளை எந்த மேற்கோள் பட்டியலிலும் ஏறாது. ஆகவே எண்களைப் பலகையில் போடப் போவதில்லை.

நெல், சொல், உருளை, சீபோர்கின் இரு முகங்கள் என்று நான்கு மேசைகள். ரிஸ்க்-ஃபைவ் பலகையை வாசலில் மினுக்கவிடுகிறோம். கடைசி நண்பர் சொன்னபடி, ஒவ்வொரு பலகையின் மேல் வரியிலும் அந்த ஆய்வு யாரிடமிருந்து எதைப் பெற்றுக்கொண்டது என்பதை எழுதி, அதன் பிறகே பல்கலைக்கழகத்தின் பெயர் வரும். அணு மேசையில் என்ன பொருள் வைப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

வீராணத்து ஐயாவிடம் ஓர் உதவி. படமாக இல்லாமல் நெல்லையே முழுக வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா?

வீராணத்து உழவன்:

முடியும், ஆனால் இப்போதே நாள் குறிக்க வேண்டும். நாற்றுக்கு மூன்று வாரம், முழுகிக் கிடக்க இரண்டு வாரம், மீண்டு வர இரண்டு வாரம். ஆக 49 நாள். பிப்ரவரி 28-க்குக் காட்ட வேண்டுமென்றால் ஜனவரி 10-ஆம் தேதிக்குள் விதைத்தாக வேண்டும். பொங்கல் வேலையில் மறந்துவிடாதீர்கள்.

பழைய பொன்மணி ஒரு கைப்பிடி, சி.ஆர். 1009 சப்-1 ஒரு கைப்பிடி நான் தருகிறேன். தனித்தனித் தொட்டியில், ஒரே மண்ணில் விதையுங்கள். தொட்டியின் அடியில் பெயரைச் சுரண்டி எழுதுங்கள், ஒட்டிய தாள் தண்ணீரில் நிற்காது. ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டியை முழுக்காமல் வெளியே வைத்திருங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். அவற்றை முழுக்குவதற்கு, மூன்றடிக்குக் குறையாத ஆழமுள்ள சிமெண்டுத் தொட்டியாகப் பாருங்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் பழைய பொன்மணி இலையை நீட்டி வெளியே தலை காட்டிவிடும். பிறகு சோதனையே இல்லை. தொட்டி வெயில் படும் இடத்தில் இருக்கட்டும், தண்ணீர் கலங்கலாக வேண்டாம்.

முழுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு நாற்றின் உயரத்தையும் பிள்ளைகளே அளந்து எழுதட்டும். 14 நாள் கழித்து வெளியே எடுக்கும்போதும் அளக்கட்டும். எது அதிகம் வளர்ந்ததோ அதுதான் பிழைக்கும் என்று எல்லோரும் பந்தயம் கட்டுவார்கள். யாரும் விடையைச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விதையை வரும் ஞாயிறு காலை சிதம்பரம் பேருந்து நிலையத்தில் யாராவது வந்து வாங்கிக்கொள்ள முடியுமானால் எனக்கு வசதி.